பதினொண்ணாம் நம்பர் ஹெலிகாப்டர்

— முடியாது கேப்டன். பதினொண்ணாம் நம்பர் பறக்காது. இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் இதேதான் பதில்.

— உஸ்தாத், நான் மூணு தடவைதான் கேட்டேன். அதுக்குள்ள நீங்க முப்பது தடவை முடியாதுன்னுட்டீங்க.

— அதோட பராமரிப்புப் புஸ்தகத்தத் தொறந்து பாருங்க. முதல் பக்கத்துலயே சிவப்பு மையில பெருக்கல் குறி கெடக்கும். வியாழக்கிழமை வால்ல குண்டு வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கே நான் போட்டது. சிவப்புக் குறி விழுந்த ஹெலிகாப்டர் தரைய விட்டு எந்திரிக்கப்படாது. எஞ்சினக்கூட முடுக்கப்படாது.

— போட்டது நீங்கதானே? நீங்களே அடிச்சு விட்ருங்க.

— போடத்தான் எனக்கு அதிகாரம். எடுக்க அதிகாரம் கிடையாது. எடுக்கறவன் ஜூன் மாசமே மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போய்ட்டான்.

— ஆஹா! எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! ஹெலிகாப்டரை அமெரிக்காக்காரன் நமக்குத் தூக்கிக் குடுத்துட்டான். அதை நிறுத்தி வைக்க ஆளு நம்ம ஆளு. பறக்கலாம்னு சொல்ற ஆளு மட்டும் அவன் ஆளு. இதை யோசிச்சவன் எவனோ, அவன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்.

— எங்கிட்டக் கத்தாதீங்க. நானா யோசிச்சேன்?

— கத்தல உஸ்தாத். நாலு நாளா என் தொண்டையே இப்படித்தான் இருக்கு. மஸார் நேத்து ராத்திரி போச்சு. ஜலாலாபாத் இன்னிக்குக் காலைல ஒரு குண்டுகூட வெடிக்காமப் போச்சு. எதிரிங்க காபூல் வாசல்ல வந்து நிக்கிறாங்க. இதே விமான நிலையத்தோட அந்தக் கோடியில பாருங்க, அமெரிக்காக்காரன் விமானம் ஒண்ணு எறங்க ஒண்ணு ஏறுது. அவன் ஆளுங்களை வாரிக்கிட்டுப் போறான். இந்தக் கோடியில நாம ஒரு பெருக்கல் குறிய வெச்சுக்கிட்டு மாரடிக்கிறோம்.

— ஏழரைக்குக் கிளம்பின ரெண்டு ஹெலிகாப்டர் என்னாச்சு?

— வரல.

— மணி பத்தாகப் போவுது. வரலன்னா? சுட்டுட்டாங்களா?

— சுடல. ரேடியோவ அணைச்சுட்டாங்க.

— அப்ப ஓடிட்டானுங்க. ஆத்தத் தாண்டி உஸ்பெக் நாட்டுக்கு. தூ! அந்த ரெண்டையும் வெள்ளிக்கிழமை பூராவும் பட்டினியா கெடந்து தயார் பண்ணிக் குடுத்தவன் நான். மலையில மாட்டிக்கிட்டிருக்கற பசங்களுக்குத் தண்ணி கொண்டு போறோம்னு சொன்னான் அந்த மேஜர். சொல்லிட்டு எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். தெரிஞ்சிருந்தா ஒரு திருகு இறுக்கியிருக்க மாட்டேன்.

— அவங்களுக்கும் குழந்தை குட்டி இருக்கு உஸ்தாத்.

— மலையில கெடக்கறவன் என்ன மரத்துலயா காய்ச்சான்? அல்லா சாட்சியாச் சொல்றேன் கேப்டன், ஓடறவனுக்கு இந்தக் கை ஒரு ஸ்பானரைத் தொடாது. என் பெத்த அப்பனா இருந்தாலும் தொடாது.

— சரி. கோவப்படாதீங்க. நான் ஓடறதப் பத்திப் பேச வரல. சியா சங் மலை போஸ்ட்டப் பத்திப் பேச வந்தேன்.

— சியா சங்கா? என்ன? என்ன சேதி?

— உக்காருங்க.

— நான் ஏன் உக்காரணும்? சேதியச் சொல்லுங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து என் தம்பி ஃபோன் அடிக்குது, எடுக்கல. இப்ப அடிக்கக்கூட இல்ல.

— சார்ஜ் இருக்காது. உங்க தம்பி காலைல ஆறரைக்கு எங்கிட்டப் பேசினான்.

— நவ்ரோஸா? உங்ககிட்டயா?

— போஸ்ட்டுக்கு ரேடியோக்காரன் அவன்தானே. நாப்பது தடவை அங்க தண்ணியும் ரொட்டியும் எறக்கியிருக்கேன். நாப்பது தடவையும் புகைய விட்டு, காத்து எந்தப் பக்கம்னு சொல்லி எறக்கினது அவன்தான். என் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

— என்ன சொன்னான்? எப்படி இருக்கானாம்?

— பதினாலு பேர் மிச்சம். தண்ணி வெள்ளிக்கிழமையே தீந்துடுச்சு. குண்டு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வரும்னான்.

— ஆறரைக்கு ஒரு மணி நேரம்னா...

— சிக்கனமா சுடுவாங்க உஸ்தாத். அவன் எப்படிப்பட்ட கஞ்சன்னு உங்களுக்குத் தெரியாதா?

— கேப்டன், எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. குரான் மேல சத்தியமாச் சொல்லுங்க. அவன் பேசினானா?

— குரான் மேல சத்தியம். ஆறரைக்கு என் தம்பி மாதிரி எங்கூடப் பேசினான். சிரிச்சான்கூட. 'எங்கண்ணன் இன்னும் ஸ்பானரை எண்ணிக்கிட்டிருக்காரா?'ன்னு கேட்டான்.

— நாயி. அந்த நேரத்துலயும் கிண்டல் பாருங்க. அவன்தான். அப்படிக் கேக்கறவன் அவன் ஒருத்தன்தான்.

— அழாதீங்க உஸ்தாத். அழறதுக்கு நேரமில்ல.

— அவனுக்கு ஏழு வயசுல எங்கம்மா செத்துச்சு. கோதுமை மூட்டை மாதிரி முதுகுல கட்டிக்கிட்டு பெஹ்சூத்லேர்ந்து காபூலுக்கு நடந்தேன். படிக்க வெச்சேன். பட்டாளத்துக்குப் போறேன்னு வந்து நின்னப்ப அறைஞ்சேன். 'நீ மட்டும் போயிருக்கியே'ன்னான். எனக்குன்னு பூமியில இருக்கறது அவன் ஒருத்தன்தான்.

— தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்கறேன். இங்கேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷம். போனா எறங்கி, பதினாலு பேரையும் அள்ளிப் போட்டு, மத்தியானத் தொழுகைக்குள்ள திரும்பிடலாம். ஆனா இருக்கறது பதினொண்ணாம் நம்பர் ஒண்ணுதான்.

— பழைய ரஷ்ய ஹெலிகாப்டர் ஒண்ணு இருந்துச்சே?

— அதுல நேத்தே ஜெனரலுங்க போய்ட்டாங்க.

— அது நல்ல மெஷின். சுத்தியல வெச்சு ரெண்டு தட்டு, மண்ணெண்ணெய ஊத்திக் கழுவு, ஓடும். எங்கப்பன் காலத்து உழவு வண்டி மாதிரி. அதெல்லாம் பழசு, வேண்டாம், நாங்க புதுசு தர்றோம்னு இதைக் கொண்டாந்து குடுத்தான். இதுக்குத் தும்மல் வந்தாக்கூட கம்ப்யூட்டரக் கேக்கணும். கம்ப்யூட்டருக்கு ரகசிய எண்ணு. அந்த எண்ணு ஜூலையோட காலாவதி. மெஷினக் குடுத்தான் கேப்டன், கையக் குடுக்கல. கைய அவனோடவே எடுத்துட்டுப் போய்ட்டான்.

— உங்க கை இருக்கே.

— இது துடைக்கற கை. ஆறு வருஷமா அவன் இறுக்குவான், நான் துடைப்பேன். அவன் ஸ்பானர் கேப்பான், நான் குடுப்பேன்.

— பொய் சொல்லாதீங்க. அவன் காப்பி குடிக்கப் போறப்பெல்லாம் யாரு இறுக்கினதுன்னு எங்களுக்குத் தெரியாதா? வால்ல என்ன கெட்டுப் போச்சு? பைலட்டுக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க.

— வால் இறக்கைக்கு எண்ணெய் கொண்டு போற குழாய குண்டு ஒரசியிருக்கு. ஓட்டையில்ல, சொட்டை. தரையில நிக்கறப்ப ஒண்ணும் தெரியாது. மேல போய் அழுத்தம் ஏறினா வெடிக்கும். வால் இறக்கை பிடிக்காது. அப்பறம் பம்பரந்தான்.

— ஏழாம் நம்பர்ல அதே குழாய் இருக்கா?

— இருக்கு. ஏழுக்கு மேல் இறக்கையே இல்ல, குழாய் மட்டும் முழுசா இருக்கு.

— அப்ப அதை எடுத்து இதுல போடுங்க.

— போடலாம். ஒரு மணி நேர வேலை. ஆனா போட்டு முடிச்சாலும் சிவப்புக் குறி போவாது. பரிசோதகன் கண்ணால பாத்து, கையெழுத்துப் போட்டு...

— பரிசோதகன் கிடையாது உஸ்தாத்! அவன் அங்க வீட்டுல போர்வைய இழுத்து மூடித் தூங்கறான்!

— தூங்கல. எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கான். விடியக்காலைலேர்ந்து அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்.

— பிரையனா? என்னங்கறான்?

— 'எவாஸ், நண்பா, வீடியோவுல பாத்து நான் கையெழுத்துப் போட முடியாது. கம்பெனி விடாது. உனக்காகப் பிரார்த்தனை பண்றேன். வெயில் ஜாஸ்தி, தண்ணி நெறையக் குடி'ங்கறான்.

— தண்ணி நெறையக் குடிக்கச் சொல்றானா? அதை சியா சங்குக்கு அனுப்பி வைங்க, பதினாலு பேரும் கேட்டுத் தாகத்தத் தீத்துக்கட்டும்.

— அவன் நல்லவன் கேப்டன். பேசறப்ப அவன் குரலும் ஒடைஞ்சுதான் இருந்துச்சு.

— எல்லாரும் நல்லவங்கதான். ஒருத்தர்கூடக் கெட்டவன் இல்லாம ஒரு நாடே போயிட்டிருக்கு. உஸ்தாத், முடிவாக் கேக்கறேன். உங்க தம்பியா, அந்தச் சிவப்பு மையா?

— அப்படிக் கேக்காதீங்க.

— வேற எப்படிக் கேக்கறது?

— ஆறாம் நம்பர ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, லோகர்ல?

— அதுல போனவன் எங்கூடப் படிச்சவன். ஞாபகம் இல்லாம என்ன?

— அன்னிக்கும் இப்படித்தான். எண்ணெய் கசியுதுன்னு சிவப்புக் குறி போட வந்தேன். கர்னல் கத்தினாரு, 'காயம் பட்டவன் சாகறான், நீ மை தொட்டுக்கிட்டு நிக்கறியா?'ன்னு. பேனாவப் பையில சொருகிட்டேன். ஒம்பது பேரு. சுட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. சுடல. நான்தான். அதுலேர்ந்து ஒரு நாள்கூட முழுசாத் தூங்கினதில்ல. தூங்கினா எண்ணெய் நாத்தம் வருது.

— அன்னிக்கு நீங்க ரிப்பேர் பண்ணல உஸ்தாத். இன்னிக்குப் பண்ணப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா? ஒவ்வொரு நிமிஷமும் அங்க ஒருத்தன் கணக்கு.

— எட்டாம் நம்பர் ஸ்பானர எடுங்க. அந்தச் செவப்பு டப்பாவுல. அது இல்ல, பக்கத்துல. பைலட்டுன்னு சொல்லிக்கறீங்க, ஸ்பானர் தெரியல.

— வாழ்க என் உஸ்தாத்!

— வாழறதெல்லாம் அப்பறம். ஏழாம் நம்பர் வால் மேல ஏறணும், ஏணியப் பிடிங்க. ஆட்டாதீங்க. எனக்கு நாப்பத்தாறு வயசு, விழுந்தா ஒட்ட வைக்க உதிரி பாகம் கிடையாது.

— பிடிச்சிருக்கேன். மேலேர்ந்து என்ன தெரியுது?

— என்னத்தச் சொல்ல? கேட்டுக்கு வெளியில சனம். லட்சம் பேரு இருக்கும். பொம்பளைங்க, பெட்டிங்க. குழந்தைய சுவத்து மேல தூக்கிப் பிடிச்சிருக்கானுங்க. பாக்க முடியல கேப்டன். நான் திருகைப் பாக்கறேன்.

— திருகையே பாருங்க.

— வார்தாக் ரோட்டுப் பக்கத்துலேர்ந்து புழுதி கெளம்புது. வண்டி வரிசையா வருது. நம்ம கவச வண்டிங்க மாதிரி இருக்கு. நம்ம பட்டாளம் திரும்பி வருதா?

— வண்டி நம்மளுது. உள்ள உக்காந்திருக்கறது நம்மாளு இல்ல.

— என்னது?

— அவனுங்களோட வெள்ளைக் கொடியக் கட்டியிருப்பானுங்க, தூரத்துல உங்களுக்குத் தெரியாது. நேத்து எங்களுக்கு வேலையே அதுதான். அமெரிக்காக்காரன் நமக்குக் குடுத்த ஹெலிகாப்டர்ல ஏறிப் போய், அவனே நமக்குக் குடுத்த கவச வண்டி மேல குண்டு போட்டோம். பளபளன்னு, பிளாஸ்டிக் பேப்பர்கூடப் பிரிக்காத வண்டி. பதினாறு எரிச்சேன். நூத்திருபது வந்துக்கிட்டிருந்துச்சு. திரும்பி வர்றப்ப சிரிப்பு வந்துச்சு உஸ்தாத், நிறுத்த முடியல. என் துணைப் பைலட் பயந்துட்டான்.

— டாங்கி?

— பழைய ரஷ்ய டாங்கி நாலு வாசல்ல நிக்குதே. ஓட்டறவன் நேத்து ராத்திரி சீருடையக் கழட்டி மடிச்சு சீட்டு மேல வெச்சுட்டுப் போய்ட்டான். ஒழுங்கா மடிச்சிருந்தான்.

— கழண்டுடுச்சு. பிடிங்க. பத்திரம், குழந்தையப் பிடிக்கற மாதிரி. மண்ணு படாம.

— பிடிச்சாச்சு. எறங்குங்க.

— இப்ப ஒரு சிக்கல். இதை இவ்வளவுதான் இறுக்கணும்னு ஒரு அளவு இருக்கு. கூட இறுக்கினா கீறும், கம்மியா இறுக்கினா கழலும். அளவு காட்டற ரெஞ்ச் பிரையனோட கண்டெய்னர்ல இருக்கு. பூட்டிட்டுப் போய்ட்டான்.

— சாவியக் கொண்டு போய்ட்டு, பூட்டை மட்டும் நமக்குன்னு விட்டுட்டானா? தள்ளி நில்லுங்க.

— துப்பாக்கிய உள்ள வைங்க கேப்டன்! வெளியில சனம் மிரளும். அந்தக் கடப்பாரைய எடுங்க. ம். இன்னொண்ணு. போதும், விட்ருச்சு.

— அடேயப்பா. உள்ள குளுகுளுன்னு இருக்கு.

— ஏசிய அணைக்காமப் போய்ட்டான். ரெண்டு மாசமா ஆளில்லாம ஓடுது பாருங்க.

— செவுத்துல என்ன இது? ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதே வடிவத்துல கறுப்பு மை?

— சாயங்காலம் எல்லாத்தையும் அதது எடத்துல மாட்டணும். ஒரு கறுப்பு வடிவம் காலியாத் தெரிஞ்சா எந்த ஹெலிகாப்டரும் பறக்கப்படாது. எஞ்சினுக்குள்ள விட்டிருப்போமோன்னு சந்தேகம். ஒரு தடவை பத்தாம் நம்பர் ஸ்பானரக் காணோம். விமானப் படை பூராவும் ஒரு நாள் நின்னுச்சு. ஜெனரல் ஃபோன்ல காட்டுக் கத்து. கடைசியில சமையக்காரன் அத வெச்சு வாதுமைக்கொட்டை ஒடைச்சுக்கிட்டிருந்தான்.

— ஓ, அன்னிக்கு எங்களுக்கு லீவு குடுத்தாங்களே! அதுக்குக் காரணம் வாதுமைக்கொட்டையா? அந்தச் சமையக்காரனுக்கு மெடல் குடுத்திருக்கணும்.

— நவ்ரோஸ் ஒரு வாரம் சிரிச்சான். அதுலேர்ந்துதான் எனக்கு 'எண்ணற அண்ணன்'னு பேரு வெச்சான்.

— சீக்கிரம் உஸ்தாத்.

— நிக்கறவருக்கு என்ன, நான் கையப் பாத்து வேலை செஞ்சாகணும். கண்ணு எரியுது, வேர்வையத் துடைச்சு விடுங்க. ரெஞ்ச் அந்த மூலையில.

— அளவு ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர்தான் திறக்காதே.

— ஆறு வருஷம் அவன் பக்கத்துல நின்னு எண்ணெய மட்டுமா தொடைச்சேன்? எல்லா அளவும் இங்க இருக்கு, மண்டையில. யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான். நான் மாட்டறதுக்குள்ள நீங்க எரிபொருள் வண்டியக் கூட்டிட்டு வாங்க. பாதித் தொட்டிதான். கேக்குதா? பாதி.

— கேக்குது.

— சியா சங் மலை உச்சி. காத்து மெலிசு, வெயில் வேற. பாதிக்கு மேல ஒரு வாளி இருந்தாலும் பதினாலு பேர எடுத்துக்கிட்டு எந்திரிக்காது. நீங்க பைலட், உங்களுக்கு நான் சொல்லணுமா?

— சொல்ல வேண்டாம். போய்ட்டு வரேன்.

— கேப்டன்.

— என்ன?

— நல்லவரு நீங்க. தோரியாலைன்னு, வீரன்னு அர்த்தம் வர்ற பேரு வெச்ச உங்கப்பா நல்லாயிருக்கணும். ஒரு பஷ்தூன் ஆபீசர் எங்க ஹஸாரா இனத்துப் பையனுக்காக உசுரப் பணயம் வைக்கிறாருன்னு ஊருல சொன்னா நம்ப மாட்டானுங்க. நான் சொல்லுவேன். எங்க உக்காந்தாலும் சொல்லுவேன்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம் உஸ்தாத். வேலையப் பாருங்க.

— வந்துட்டீங்களா? என்ன இவ்வளவு நேரம்? நான் மாட்டி முடிச்சு, மூணு தடவை சரி பாத்துட்டேன்.

— வண்டி ஓட்டறவன் ஓடிட்டான். நானே ஓட்டிட்டு வந்து நானே ஊத்தினேன். முடிஞ்சுதா? நெஜமா முடிஞ்சுதா?

— நீங்க உள்ள போய் அழுத்தம் குடுங்க. நான் குழாய்ல கைய வெச்சுப் பாக்கறேன். ம். இன்னும் கொஞ்சம். இன்னும். நிறுத்துங்க.

— கசியுதா?

— பேசாதீங்க.

— உஸ்தாத், கசியுதா சொல்லுங்க!

— காய்ஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு இல்ல. அல்லாவே, ஒரு சொட்டு இல்ல கேப்டன்! பிரையன் போட்டாக்கூட முதல்ல நாலு சொட்டு கசியும்!

— புஸ்தகத்தக் குடுங்க.

— இருங்க. நான்தான் செய்யணும். பிஸ்மில்லா. இந்தா, குறியச் சுத்தி வட்டம் போட்டு, எம் பேரெழுதறேன். எவாஸ் அலி, சார்ஜெண்ட். அதிகாரம் இல்ல. எழுதிட்டேன். மனசு லேசாயிடுச்சு, ஏன்னு தெரியல.

— வாங்க, ஏறுங்க. துணைப் பைலட் வந்துக்கிட்டிருக்கான்.

— நானும் வரலாமா? எடை கூடுமே? ஒரு ஆளு எடம்...

— வரணும். நீங்க வந்தாகணும். உங்கள விட்டுட்டு நான் போவேனா?

— வரேன். நானே கைநீட்டி அவன உள்ள இழுப்பேன். மொதல்ல ஒரு அறை. அப்பறம் தண்ணி. ரெண்டு கேன் தண்ணி ஏத்தியிருக்கேன், ரொட்டியும் இருக்கு, நேத்துச் சுட்டது. கேப்டன், எஞ்சின் சத்தம் எப்படி இருக்கு பாருங்க, பாட்டு மாதிரி. முள்ளெல்லாம் சரியா நிக்குதா, நான் ஒரு பார்வை... இது என்ன?

— எது?

— எரிபொருள் முள்ளு. முழுசாக் காட்டுது.

— பாக்காதீங்க. வந்து பின்னாடி உக்காருங்க.

— பாதின்னு சொன்னேன்ல? தளும்பத் தளும்ப ஊத்தி வெச்சிருக்கீங்களே! இத வெச்சுக்கிட்டு அந்த உச்சியில பதினாலு பேரு எப்படி? ஆறு பேருக்கு மேல தூக்காது. எந்த ஆறு பேரு? மிச்சம் எட்டுப் பேரக் கீழ வெச்சுட்டு வரப் போறீங்களா? எறக்குங்க, கொஞ்சம் எறக்கிடலாம், அஞ்சு நிமிஷ வேலை, நான் செய்யறேன்...

— எறக்க வேண்டாம் உஸ்தாத்.

— அந்தப் பொம்பளை யாரு? துணைப் பைலட்டோட ஓடி வருதே?

— என் பெண்டாட்டி. ஏழு மாசம்.

— சண்டை நடக்கற எடத்துக்கு எதுக்கு... கேப்டன். எங்க போறீங்க?

— வடக்க.

— சியா சங் மேக்கால.

— தெரியும்.

— வடக்கன்னா ஆத்தத் தாண்டியா? நீயுமா? அடப் பாவி. அடப் பாவி, நீயுமா? என் தம்பி பேரச் சொல்லி, என் கையாலயே... குரான் மேல சத்தியம் பண்ணியே!

— பண்ணினது பொய் இல்ல.

— எறங்கு கீழ! அந்தக் குழாய இப்பவே பிடுங்கி எறியறேன் பாரு! மாட்டினவனுக்குப் பிடுங்கத் தெரியாதா?

— பிடுங்குங்க. அவ வயித்துல இருக்கறதப் பாத்துக்கிட்டே பிடுங்குங்க. உண்மையச் சொல்லியிருந்தா நீங்க ஸ்பானரத் தொட்டிருப்பீங்களா? அப்பனுக்கே தொட மாட்டேன்னீங்க. நான் வேற என்ன செய்யறது? ஊர் வாசல்ல வந்து நிக்கறவன் எம் பேரு, எங்கப்பன் பேரு, எரிச்ச பதினாறு வண்டி, எல்லாம் எழுதி வெச்சிருக்கான். நான் கேவலமானவன்தான் உஸ்தாத். செருப்பால அடிங்க. அங்க போய் அடிங்க. உங்களுக்கு எடம் வெச்சிருக்கேன்ல?

— எனக்கு எடம் வேண்டாம்டா. தோரியாலை, தம்பி, இங்க பாரு, கால்ல விழறேன். நீ எங்க வேணா போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்ன எறங்கச் சொல்லல, அவன ஏத்தவும் சொல்லல. போற வழியில கொஞ்சம் மேக்க ஒதுங்கி, போஸ்ட்டுக்கு மேல ரெண்டாள் உசரத்துல ஒரு நிமிஷம் நிறுத்து. நான் குதிச்சுக்கறேன். அவன் தனியா இருக்கப்படாது. அவ்வளவுதான் கேக்கறேன். ஒரே ஒரு நிமிஷம்.

— குதிக்கறதுக்கு அங்க போஸ்ட் இல்ல உஸ்தாத். ஏழு மணிக்கு நான் திரும்பக் கூப்பிட்டப்ப நவ்ரோஸ் ஃபோன எடுத்தது வேற ஆளு.